தரைக்கீழ் நீரும் அறிதலெனும் கடனும்

தீங்கு பற்றிய ஒழுக்கவியற் சிந்தனை பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகும் தீங்கினை முன்னிறுத்தியே வளர்ந்து வந்துள்ளது. அடித்தவன், அடிபட்டவன், அடி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் ஒரே வேளையில் காணப்படுகின்றன. குற்றம் எவருடையது, அதற்கு ஈடு யாது என்னும் வினாக்களுக்கு விடை காண்பது கடினமாயினும் வினாக்கள் எவையென்பதில் ஐயமில்லை. ஆயின், செய்தவனும் காணாது, பட்டவனும் காணாது, ஆண்டுக்கணக்கில் நிலத்தினடியில் மெல்ல நகர்ந்து செல்லும் தீங்கொன்று உண்டெனின் அதன்பால் மனிதனுக்குள்ள கடமை எத்தகையது? முற்றாக நீக்க இயலாத தீங்கினைச் செய்துவிட்டவன் எப்பொழுது தன் கடன் தீர்ந்தது என்று கூற உரிமையுடையவனாகின்றான்? எரிபொருட் குழாய் உடைவதனால் தரைக்கீழ் நீர் மாசுறுவதும், அம்மாசினை ஆராய்ந்து அகற்ற மனிதர் முயல்வதும் இவ்வினாக்களைக் கூர்மையாக எழுப்புகின்றன. இவற்றைப் பொறியியலாளருக்கும் இரசாயனவியலாளருக்கும் மட்டுமே உரியனவென ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

இத்துறையில் உலகில் மிக நெடுங்காலம் ஆராயப்பட்ட நிகழ்ச்சிகளுள் ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி என்னும் நகருக்கு அண்மையில் நிகழ்ந்ததாகும். 1979 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 20 ஆம் திகதி அங்கு நிலத்தடிக் குழாயொன்று வெடித்தது. ஏறத்தாழ 17 இலட்சம் லீற்றர் மசகெண்ணெய் வெளியேறித் தரையிற் பரவியது. தேங்கியதை இறைத்தும், எஞ்சியதை எரித்தும், நனைந்த மண்ணை அகழ்ந்தெடுத்தும் பெரும்பகுதி அகற்றப்பட்டது. எனினும் ஏறத்தாழ 4 இலட்சம் லீற்றர் எண்ணெய் மணலினூடாகக் கீழிறங்கித் தரைக்கீழ் நீர்மட்டத்தை அடைந்தது. மேற்பரப்பில் நிகழ்ச்சி முடிந்துவிட்டது போலத் தோன்றியது. நிலத்தின் கீழே அது தொடங்கியிருந்தது.

நிலத்தினடியில் நிகழ்வது யாதென்பதைச் சிறிது விளங்கிக்கொள்ளாமல் மேற்கூறிய ஒழுக்க வினாவினை விளங்கிக்கொள்ளல் அரிது. எண்ணெய் நீரினும் இலேசானது; ஆதலின் அது நீர்மட்டத்தின் மீது மிதக்கின்றது. மணற்றுணிக்கைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய வெளிகளில் ஒரு பகுதி சிக்கிக்கொள்கின்றது. மிதக்கும் எண்ணெயைத் தொட்டுச் செல்லும் நீர் பென்சீன் முதலான கூறுகளைக் கரைத்துத் தன்னுடன் கொண்டு செல்கின்றது. பென்சீன் புற்றுநோயை விளைவிப்பது. குடிநீரில் அது லீற்றருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இவ்வளவுகோலைக் கொண்டு கணக்கிடின், ஒரு லீற்றர் தூய பென்சீன் 8 கோடி லீற்றருக்கு மேற்பட்ட நீரை அவ்வெல்லைவரை மாசுபடுத்தப் போதுமானது. சிறிதளவு கவனக்குறைவுக்கும் அதன் விளைவுக்கும் இடையிலுள்ள விகிதம் இதனாற் புலனாகும். கையினாற் செய்யப்படும் தீங்குகளுக்குப் பழகிய மனித உள்ளம் இவ்விகிதத்தை எளிதில் உணர்வதில்லை.

இங்கு முதலிற் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இத்தகைய தீங்கில், நீக்கும் கடமைக்கு முன்னதாக அறியும் கடமை நிற்கின்றது. எவ்வளவு எண்ணெய் இறங்கியது, நீர் எத்திசையில் ஓடுகின்றது, எவருடைய கிணற்றை நோக்கி ஓடுகின்றது என்பன தெரியாதவரை நீக்கலென்பது வெறும் சொல்லாகவே இருக்கும். அறிதலோ தானாக வருவதன்று. குழாய் கொண்டு துளையிட வேண்டும். நீர்மட்டங்களை ஒப்பிட்டுச் சரிவினைக் காண வேண்டும். பல ஆழங்களிலிருந்து மாதிரிகளை எடுக்க வேண்டும். பருவந்தோறும் மீண்டும் எடுக்க வேண்டும். பணமும் பொறுமையும் செலவாகும். இதனால் அறியாதிருப்பது மலிவானதாகவும் அறிவது விலைமிக்கதாகவும் அமைந்துவிடுகின்றது. அறியாமை இலாபந்தரும் இடத்தில், 'தெரியாது' என்னும் சொல் இன்னும் குற்றமற்ற சொல்லாக இருக்க முடியுமா?

ஆங்கிலேயச் சிந்தனையாளராகிய கிளிபோர்ட் 1877 இல் வெளியிட்ட 'நம்பிக்கையின் ஒழுக்கவியல்' என்னும் கட்டுரையிற் கூறும் எடுத்துக்காட்டு இவ்விடத்து நினைக்கத்தக்கது. கப்பற் சொந்தக்காரன் ஒருவன் தன் கப்பல் பழையதென்பதையும் பழுது பார்க்க வேண்டியதென்பதையும் உள்ளூர ஐயுறுகின்றான். பின்னர் அவ்வையங்களை ஒவ்வொன்றாக அமுக்கி, கப்பல் நன்றாகவே உள்ளதென மனதார நம்பி, குடிபெயர்வோரை அதிலேற்றி அனுப்புகின்றான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகின்றது. அவன் நம்பிக்கை உண்மையானதே. ஆயினும் அவ்வாறு நம்ப அவனுக்கு உரிமை இருக்கவில்லை என்பது கிளிபோர்டின் முடிவு. கப்பல் மூழ்காது கரை சேர்ந்திருப்பினும் அவன் குற்றவாளியே என்றும் அவர் கூறுகின்றார். எனவே குற்றம் விளைவில் மட்டும் தங்கியிருக்கவில்லை. ஆராய வேண்டிய இடத்தில் ஆராயாமையிலும் தங்கியிருக்கின்றது.

தமிழ் மரபுக்கு இக்கருத்துப் புதியதன்று. சிலப்பதிகாரத்திற் பாண்டியன் கொடியவனாகச் சித்திரிக்கப்படவில்லை. பொற்கொல்லன் கூற்றை அவன் நம்பினான். அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கவில்லை. சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்னும் எளிய சோதனை கோவலன் கொலையுண்டபின் அன்றி முன் நிகழவில்லை. காலந்தாழ்ந்த ஆராய்ச்சி உண்மையை வெளிப்படுத்தியது, உயிரை மீட்கவில்லை. பாண்டியன் தன் பிழையை உணர்ந்து உயிர் துறந்தமை அவனது நேர்மையைக் காட்டுகின்றது. ஆயினும் துறந்த உயிர் இழந்த உயிருக்கு ஈடாகவில்லை என்பதைக் காப்பியத்தின் பிற்பகுதியே உணர்த்துகின்றது. கழிவிரக்கம் ஒன்று, திருத்தம் வேறொன்று.

எல்லாளன்மேல் மகாவம்சமும் மனுநீதிச் சோழன்மேல் பெரியபுராணமும் ஏற்றிக் கூறும் மணியின் கதையும் ஈண்டு நோக்கற்பாலது. கன்றை இழந்த பசு மணியை அசைத்தது. மன்னன் நீதி வழங்கினான். முறைப்படுவோர்க்கெல்லாம் செவி திறந்திருக்கும் அரசு என்பது உயர்ந்த இலட்சியமே. எனினும் அந்நீதி, தீங்குற்றவன் தன் தீங்கை உணர்ந்து மணி வரை வந்து சேர்வான் என்னும் எடுகோளின்மேல் நிற்கின்றது. தரைக்கீழ் நீர் மணியை அசைக்க வல்லதன்று. அதனைப் பருகப்போகும் பிறவாத குழந்தைகளும் அசைக்க வல்லவரல்லர். கிணற்று நீரில் எண்ணெய் மணக்கத் தொடங்கியபின் மணி அசையலாம். அப்பொழுது கன்று இறந்துவிட்டிருக்கும். ஆகையால் முறைப்பாடு வருமட்டும் காத்திருக்கும் நீதி இங்குப் போதாது. முறைப்பாடின்றியே தேடிச் செல்லும் நீதி வேண்டப்படுகின்றது. அம்மணியை 'ஆராய்ச்சி மணி' என்று வழங்கிய தமிழர் நாவில், ஆராய்ச்சியும் நீதியும் ஒரே சொல்லில் இணைந்திருந்தமை சிந்தித்தற்குரியது.

அறியும் கடமை ஒருமுறை ஆராய்வதுடன் தீர்வதில்லை என்பதைப் பெமிட்ஜியின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. ஐக்கிய அமெரிக்கப் புவிச்சரிதவியல் ஆய்வு நிறுவனம் 1983 ஆம் ஆண்டு அவ்விடத்தை ஆய்வுக்களமாகக் கொண்டது. மண்ணில் வாழும் பற்றீரியாக்கள் எண்ணெயின் கூறுகளை உணவாக்கிச் சிதைக்கின்றன என்பதும், ஒட்சிசன் தீர்ந்த பின்னரும் மணலிலுள்ள இரும்புச் சேர்வைகளைப் பயன்படுத்தி அவை பென்சீன் போன்றவற்றை அழிக்க வல்லன என்பதும் அங்கு நடந்த ஆய்வுகளால் வலுப்பெற்றன. கரைந்த எண்ணெய்க் கூறுகள் அஞ்சியவாறு நெடுந்தூரம் பரவாமைக்கு இதுவே காரணம். இயற்கை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்னும் நம்பிக்கைக்கு இதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

ஆனால் ஆய்வு அத்துடன் நிற்கவில்லை. தொடர்ந்து நோக்கியபோது வேறு இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. எண்ணெய் முற்றாக அழிவதற்கு முன் இடைநிலைச் சேர்வைகளாக மாறுகின்றது. வழமையான சோதனைகள் பென்சீனையும் அதன் இனத்தையும் மட்டுமே தேடுவதால் இச்சேர்வைகள் கணக்கில் வராமற் போயின. உண்மையில் அவை பென்சீனைவிட அதிக தூரம் சென்றிருந்தன. இரண்டாவது உண்மை இன்னும் வியப்புக்குரியது. பற்றீரியாக்கள் இரும்புச் சேர்வைகளைக் கரைத்தபோது, அவற்றோடு இயல்பாகப் பிணைந்து தீங்கின்றிக் கிடந்த ஆசனிக்கும் நீரில் விடுபட்டது. குடிநீருக்குரிய எல்லையாகிய லீற்றருக்கு 10 மைக்ரோகிராமைப் பன்மடங்கு மிஞ்சிய அளவுகள் அங்கு பதிவாயின. எண்ணெயில் இருந்து வராத நஞ்சு, எண்ணெயின் காரணமாக, எண்ணெயைத் தூய்மையாக்கும் செயலினூடாகவே வெளிப்பட்டது. 1980 ஆம் ஆண்டிலேயே 'எல்லாம் நலம்' என்று ஏட்டை மூடியிருந்தால் இவையிரண்டும் உலகுக்குத் தெரிந்திரா. சோதனை எதைக் கேட்கின்றதோ அதற்கே விடை தருகின்றது. கேட்கப்படாதவை இல்லாதவை ஆகா.

இனி நீக்கும் கடமையை நோக்கலாம். இது பற்றி மூன்று நிலைப்பாடுகள் உள. முதலாவது, தீங்கு செய்தவன் கடைசித் துளி வரை அகற்றியே தீரவேண்டும் என்பது. நீதியுணர்வுக்கு உகந்த நிலைப்பாடு இதுவே. ஆயின் பெமிட்ஜியில் இதனை நோக்கிய முயற்சி எங்குச் சென்று முடிந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. 1998 இல் அங்கு இரட்டைப் பம்பித் தொகுதியொன்று நிறுவப்பட்டது. ஒரு பம்பி நீர்மட்டத்தைத் தாழ்த்தி எண்ணெயைக் கிணற்றை நோக்கி ஈர்க்க, மற்றையது எண்ணெயை வெளியேற்றும். 1999 முதல் 2003 வரை ஏறத்தாழ 115,000 லீற்றர் எண்ணெய் மீட்கப்பட்டது. அக்காலத்தில் எஞ்சியிருந்ததாக மதிப்பிடப்பட்ட அளவில் இது 36 முதல் 41 சதவீதமே. கிணறுகளில் அளக்கப்பட்ட எண்ணெயின் சராசரித் தடிப்புப் பெரிதும் மாறவில்லை. அதுமட்டுமன்று; இறைத்த மாசுநீர் மேல்நிலப் பகுதியில் மீண்டும் மண்ணுக்குள் விடப்பட்டமையால் அங்கு ஒட்சிசனற்ற இரண்டாவது மாசுப்பரப்பு உருவாயிற்று. நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட திருத்தமே புதிய தீங்கினை ஈன்றது. முழுத்தூய்மை என்னும் இலட்சியம் இயலாததை ஆணையிடும்பொழுது, செயலின் நன்மையைவிடச் செயலின் தோற்றமே முதன்மை பெற்றுவிடும் அபாயம் உண்டு.

இரண்டாவது நிலைப்பாடு இதற்கு நேர்மாறானது. நீக்குதல் பயனற்றது, இயற்கை பார்த்துக்கொள்ளும், மனிதன் விலகி நிற்பதே அறிவுடைமை என்பது அது. விஞ்ஞானத்தின் மொழியில் இதற்கு ஆதாரமுண்டு என்பது மேலே கூறப்பட்டது. எனினும் ஒரே கூற்று இருவர் வாயில் இரு பொருள் தரும். பல ஆண்டுகள் அளந்து, மாசு எங்கே நிற்கின்றது என்பதைக் கண்டு, அது நகர்ந்தால் அறிவதற்கான கிணறுகளையும் அமைத்தவன் 'இயற்கைக்கு விடுவோம்' என்று கூறுவது ஒரு தீர்மானம். அளக்காதவன் அதையே கூறுவது தப்பித்தல். நிலத்தினடியில் இருவரது செயலின் விளைவும் ஒன்றாகவே இருக்கலாம். ஒழுக்க நிலையில் அவை ஒன்றல்ல. இயற்கையின் சிதைவாற்றலை ஒரு சீராக்க முறையாக ஏற்பவர்கள் அதனோடு 'கண்காணிப்பு' என்னும் நிபந்தனையைச் சேர்த்தே கூறுவதன் நியாயமும் இதுவே. பற்றீரியா செய்வது பற்றீரியாவின் வேலை; கண்காணிப்பு மனிதனின் வேலை. அதனை இயற்கையின்மேற் சுமத்த முடியாது.

மூன்றாவது நிலைப்பாடு பயன்பாட்டுக் கணக்கினை அடிப்படையாகக் கொண்டது. எவரும் பருகாத நீரைத் தூய்மையாக்கச் செலவிடும் பணத்தைக் கொண்டு வேறெங்கோ எத்தனையோ உயிர்களைக் காக்கலாமே என்பது அதன் வாதம். இது எளிதில் தள்ளத்தக்கதன்று. வறுமை நிறைந்த உலகில் செலவுக் கணக்கைப் பாராத ஒழுக்கம் பொறுப்பற்ற ஒழுக்கமே. ஆயினும் இவ்வாதத்திற் குறைகள் இரண்டுண்டு. தூய்மையாக்காது மிச்சப்படும் பணம் அவ்வுயிர்களைச் சென்றடைவது அரிது. அது பெரும்பாலும் மாசுபடுத்தியவனின் ஏட்டிலேயே தங்கிவிடுகின்றது. மேலும், 'எவரும் பருகாத நீர்' என்பது இன்றைய நிலையைக் குறிப்பதேயன்றி நாளைய நிலையைக் குறிப்பதன்று. ஜேர்மனிய மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ், அக்குழாய் வெடித்த அதே 1979 இல் வெளியிட்ட பொறுப்புக் கோட்பாடு பற்றிய நூலில், மனிதனின் ஆற்றல் எதிர்காலத்தினுள் எவ்வளவு தொலைவு நீளுகின்றதோ அவ்வளவு தொலைவு அவன் அறிவும் பொறுப்பும் நீளவேண்டும் என்னும் கருத்தினை வற்புறுத்தினார். குழாயை நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அமைக்க வல்லவன், அதன் கசிவை ஒரு தலைமுறைக்கேனும் பின்தொடர வல்லவனாதல் வேண்டும்.

இவ்வாராய்ச்சி தொலைநாடொன்றின் மணற்பரப்புக்கு மட்டும் உரியதன்று என்பதனை யாழ்ப்பாணக் குடாநாட்டின் அனுபவம் காட்டும். வற்றாத ஆறெதுவும் இல்லாத அந்நிலத்தில் கிணறே குடிநீருக்கும் தோட்டத்துக்கும் ஆதாரம். சுண்ணாம்புக்கற் படையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் தங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் மென்படையாக மிதக்கின்றது. பெமிட்ஜியின் மணல் நீரைத் தடுத்து மெல்ல விடுகின்றது. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளோ நீரை விரைந்து செலுத்த வல்லன. ஓரிடத்தில் பெற்ற ஆறுதலை மற்றோர் இடத்துக்கு அப்படியே கொண்டு செல்லலாகாது.

சுன்னாகத்தில் வெடித்தது குழாயன்று. மின்னுற்பத்தி நிலையச் சூழலிலிருந்து எண்ணெய் நிலத்தினுள் இறங்கியதே அங்கு எழுந்த பிரச்சினை. கிணற்று நீரில் எண்ணெய் காணப்பட்டதென மக்கள் முறையிட்டனர். சோதனைகள் பல நடந்தன. அவற்றின் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. 2015 இல் தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை மனு மீது 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவனே செலவை ஏற்கவேண்டும் என்னும் கோட்பாட்டின் வழி மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் எனப் பணிக்கப்பட்டது.

இத்தீர்ப்பு இலங்கையின் சுற்றாடற் சட்ட வரலாற்றில் முக்கியமானது. எனினும் சட்டம் முடியுமிடத்தில் ஒழுக்க வினா முடிந்துவிடுவதில்லை. முரண்பட்ட அறிக்கைகளுக்கு இடையில் வாழ்ந்த இல்லத்தரசியின் நிலை எத்தகையது? ஒரு நிபுணர் பருகலாம் என்கின்றார். மற்றொருவர் பருகலாகாது என்கின்றார். அவள் நாள்தோறும் காலையில் வாளியைக் கிணற்றில் இறக்க வேண்டியவள். முடிவு தெரியுமட்டும் காத்திருக்க நிபுணருக்கு இயலும், தாகத்துக்கு இயலாது. ஐயம் நிலவும் இடத்தில் அவ்வையத்தின் சுமையை எவர் தாங்குவது என்பதே நீதியின் வினா. கிணற்றுக்குச் சொந்தக்காரன் தன் நீர் கெட்டதென நிறுவ வேண்டுமா? எண்ணெயைக் கையாண்டவன் அது கெடவில்லையென நிறுவ வேண்டுமா? ஆராய்வதற்கான கருவியும் பணமும் எவன் கையில் உள்ளனவோ அவன்மேல் அச்சுமை விழுதலே முறை. அறியும் ஆற்றல் இல்லாதவனிடம் சான்று கேட்பது மணியில்லாத வாயிலில் முறையிடச் சொல்வது போலாகும்.

இழப்பீட்டைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். பணம் கொடுத்ததும் கடன் தீர்ந்தது என்னும் எண்ணம் வாணிபத்திலிருந்து ஒழுக்கத்துக்குள் புகுந்த எண்ணமாகும். வாணிபக் கடன் ஒரு தொகை. அது செலுத்தப்பட்டதும் இல்லாமற் போகின்றது. நிலத்தினடியில் எண்ணெய் இருக்கும்வரை தீங்கின் காரணம் இல்லாமற் போகவில்லை. ஆதலின் இழப்பீடு கடனின் ஒரு பகுதியே. எஞ்சிய பகுதி அறிந்துகொண்டே இருத்தலும் அறிந்ததை மறையாது கூறுதலுமாம். அளவுகளை மக்களுக்கு வெளியிடுதல், எஞ்சியுள்ளதை 'எஞ்சியுள்ளது' என்றே கூறுதல், சோதனை தேடாதவற்றைத் தேடியது போலக் காட்டாதிருத்தல் ஆகியன செலவு குறைந்தவை. ஆனால் இவையே பெரும்பாலும் முதலிற் கைவிடப்படுகின்றன.

தொடக்கத்தில் எழுப்பப்பட்ட வினாவுக்கு இதுவரை கூறியவற்றினின்று ஒரு விடை பெறலாம். முற்றாக நீக்க இயலாத தீங்கினைச் செய்தவன், அத்தீங்கு நிலைக்கும்வரை, தன் கடன் தீர்ந்தது என்று கூற உரிமையுடையவனல்லன். இதனால் அவன் முடிவில்லாத தண்டனைக்கு உள்ளாகின்றான் என்பது பொருளன்று. கடன் உருமாறுகின்றது என்பதே பொருள். முதலில் அது அறியும் கடன். பின்னர் இயன்றதை நீக்கும் கடன். நீக்கம் தானே தீங்காக மாறும் எல்லையில் அது காவற்கடன். அம்மூன்றாவது நிலைக்கு இறங்கும் உரிமை முதலிரண்டையும் நேர்மையாகச் செய்தவனுக்கே உண்டு.

தூய்மை என்னும் சொல்லின் பொருளும் இதனால் மாறுகின்றது. ஒருபோதும் மாசுறாத நீர் என்னும் பொருளில் பெமிட்ஜியின் அடிநீர் இனித் தூய்மையுறுவது நெடுங்காலத்துக்கு இயலாது. நான்கு தசாப்தங்கள் கடந்தும் எண்ணெய் அங்குள்ளது. ஆயினும் அங்குள்ள மாசு எவ்வளவு, எங்கே, எத்திசையில் என்று கேட்பவனுக்கு விடை உண்டு. அந்நீர் ஏறத்தாழ 300 மீற்றருக்கு அப்பால் பெயரற்ற சிறிய ஏரியொன்றை நோக்கி நகர்கின்றது என்பதும், வழியிலுள்ள கிணறுகளில் அது மீண்டும் மீண்டும் அளக்கப்படுகின்றது என்பதும் பதிவிலுள்ளன. கெடுத்த நீரை மீளக் கொடுக்க இயலாத மனிதன் அதனைப் பருகக்கூடியவனுக்கு இவ்வறிவையாவது கொடுக்கக் கடமைப்பட்டவன். எண்ணெய் நிலத்தில் இறங்கிய ஒவ்வோர் ஊரிலும் கிணற்றருகே வாளியுடன் நிற்பவர்க்கு அது தரப்படுகின்றதா என்பதைக் கொண்டே தூய்மையாக்கும் பணியின் நேர்மை அளக்கப்படல் வேண்டும்.